கண்ணாடியை விட்டு வெளியே வந்த ஒளிக்குப் பழைய வேகத்தை யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்?

படிக்கும் மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறாள். வெற்றிடத்தில் ஒன்றுமே இல்லையே, ஒளி எதைப் பிடித்துக்கொண்டு போகிறது? கண்ணாடிக்குள் போனால் வேகம் குறைகிறது, வெளியே வந்த உடனே பழைய வேகம் வந்துவிடுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தை யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்? அப்புறம், யாரும் குறுக்கே வராவிட்டால் அந்த விளக்கின் ஒளி போய்க்கொண்டே இருக்குமா, எங்காவது களைத்து நின்றுவிடுமா? "ஒளியின் இயல்பே அப்படித்தான்" என்று நீங்கள் சொன்னதை அவள் ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்காமல் இருந்ததற்கு அவளைப் பாராட்டுங்கள்.

மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது. அவள் ஒளியை உருட்டிவிட்ட கோலிக்குண்டாக நினைக்கிறாள். கோலி உருளத் தரை வேண்டும். மணலில் புகுந்தால் வேகம் குறையும். மணலைத் தாண்டிய பிறகு யாராவது தட்டிவிட்டால்தான் மறுபடி வேகம் பிடிக்கும். கடைசியில் எங்காவது நிற்கும். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் மூன்று கேள்வியும் மிகச் சரியான கேள்விகள். மாற்ற வேண்டியது அந்தப் படத்தை.

நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் 26 வருஷம் ஒளியிழைக் கேபிள் பராமரிப்பில் இருந்தவன். கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது என்னைப் பொறுத்தவரை தேர்வுக்குப் படித்த எண் இல்லை, தினமும் கருவியில் தட்டிய எண். அந்த அனுபவத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெற்றிடத்திலிருந்து தொடங்கலாம். கடல் அலைக்குத் தண்ணீர் வேண்டும், குரலுக்குக் காற்று வேண்டும். அலை என்றால் அசைவதற்கு ஏதாவது ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்றுதான் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர்களும் நினைத்தார்கள். வெளி முழுக்க ஈதர் என்று ஒன்று நிரம்பியிருக்கிறது, ஒளி அதில் எழும் அலை என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் பூமி அந்த ஈதரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது, ஸ்கூட்டரில் போகிறவர் முகத்தில் காற்று அடிப்பதுபோல ஈதர் அடிக்க வேண்டும். 1887-இல் அமெரிக்காவில் மைக்கல்சனும் மார்லியும் அதை அளக்கப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது அகப்படவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அந்த ஈதர் தேவையே இல்லை என்று காட்டினார். ஆகவே உங்கள் மகள் மாட்டிக்கொண்ட இடம் பெரிய பெரிய ஆட்கள் மாட்டிக்கொண்ட இடம்தான்.

அப்படியானால் அசைவது எது? மின்புலமும் காந்தப்புலமும். இரண்டு காந்தங்களைத் தொடாமல் அருகருகே கொண்டுபோனால் ஒன்றையொன்று தள்ளுவது கையில் தெரியும். நடுவிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டாலும் அந்தத் தள்ளல் அப்படியே இருக்கும். புலம் நிற்பதற்குப் பொருள் வேண்டாம். மின்புலம் மாறினால் அதையொட்டிக் காந்தப்புலம் பிறக்கும். காந்தப்புலம் மாறினால் மின்புலம் பிறக்கும். ஒன்று மற்றொன்றை எழுப்பிக்கொண்டே முன்னேறுவதுதான் ஒளி. தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிற இடம் ஒன்று உண்டு. 1856-இல் ஜெர்மனியில் வேபரும் கோல்ராவுஷும் மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு மேசைமேல் ஒரு அளவீடு செய்தார்கள். அதில் விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஒளியே இல்லை. அந்த அளவீட்டிலிருந்து விநாடிக்கு சுமார் 3,10,000 கிலோமீட்டர் என்று ஒரு வேகம் வந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1849-இல், பாரிஸ் பக்கத்தில் ஃபிஸோ சுழலும் பல்சக்கரத்தின் இடைவெளி வழியே ஒளியை எட்டு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பித் திரும்பவைத்து, ஒளியின் வேகத்தை அளந்திருந்தார். அவருக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே எண். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒளி மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். அதாவது, ஒளிக்கு அந்த வேகத்தை யாரும் தள்ளிவிட்டுக் கொடுக்கவில்லை. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் விதத்திலேயே அந்த வேகம் அடங்கியிருக்கிறது. விளக்கைப் போட்டதும் ஒளி மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிப்பதில்லை. பிறக்கும்போதே அந்த வேகத்தில்தான் பிறக்கிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால் இரண்டாம் கேள்வி பாதி அவிழ்ந்துவிடும்.

அந்த வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருக்கிறதே என்று தோன்றும். காரணம், 1983-லிருந்து மீட்டர் என்ற அளவையே ஒளியை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். நிலவிலிருந்து ஒளி வரச் சுமார் 1.3 விநாடி, சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி.

சூரியன் என்றதும், நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரு சோகத்தைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஒளிக்கு வேகம் என்று ஒன்று உண்டு என்பதை முதலில் காட்டியவர் டென்மார்க் வானியலாளர் ரோமர், 1676-இல். வியாழனின் அயோ என்ற துணைக்கோள் மறையும் நேரம் சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வருவதைப் பார்த்து, பூமியின் சுற்றுப்பாதையைக் கடக்க ஒளிக்கு நேரம் ஆகிறது என்றார். அதைக் கிலோமீட்டர் கணக்கில் சொல்ல வேண்டுமானால் சூரியன் எவ்வளவு தூரம் என்று சரியாகத் தெரிய வேண்டும். அந்தத் தூரத்தை அளக்க, வெள்ளிக்கோள் சூரியனைக் குறுக்கே கடக்கும் நாளில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பார்த்துக் கணக்குப்போடத் திட்டமிட்டார்கள். அதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761-இல் அவர் வந்து சேருவதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். ஆடும் கப்பலில் இருந்தபடி பார்த்ததில் பயனில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே தங்கி, புதுச்சேரியில் இடிந்துகிடந்த கோட்டையில் கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் வந்தது. கடற்கரைக்குப் போகும்போது உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, இனிப் பொருள்களுக்குள் போவோம். காற்றில் ஒளி வெற்றிடத்தைவிட விநாடிக்கு 80, 90 கிலோமீட்டர்தான் குறைவு, கண்டுகொள்ள வேண்டாம். மற்றப் பொருள்களுக்கு ஒளிவிலகல் எண் என்று ஒன்று உண்டு, வெற்றிட வேகத்தை அதனால் வகுத்தால் அந்தப் பொருளில் ஒளியின் வேகம் வரும். தண்ணீரில் அந்த எண் 1.33, வேகம் விநாடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர். சாதாரணக் கண்ணாடியில் எண் 1.5, வேகம் 2,00,000. வைரத்தில் எண் 2.42, வேகம் 1,24,000. இந்த வேக வித்தியாசம்தான் ஒளியை வளைக்கிறது. ஆற்றில் ஈட்டியால் மீன் குத்துகிறவர் மீன் தெரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே குறிபார்ப்பார். மேலிருந்து நேராகப் பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரியும். தண்ணீரில் ஒளி உண்மையிலேயே மெதுவாகத்தான் போகிறதா என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கு. ஒளி துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கணக்குப்படி தண்ணீரில் வேகம் கூட வேண்டும். அலைக் கணக்குப்படி குறைய வேண்டும். 1850-இல் ஃபூக்கோ சுழலும் முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்துத் தண்ணீரில் குறைவுதான் என்று காட்டினார்.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. சாலையோர மரங்கள் வேரோடு சாய்ந்தபோது வேருக்கடியில் கிடந்த கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டன. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ஆலப்பாக்கத்துக்கு அப்பால் ஓரிடத்தில் இழை அறுந்திருந்தது. இப்படி நேர்ந்தால் ஓ.டி.டி.ஆர். என்ற கருவியை ஒரு முனையில் மாட்டுவோம். அது இழைக்குள் மிகச் சின்ன ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பும். அறுந்த முனையில் பட்டு ஒளி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். அந்த நேரத்தைத் தூரமாக மாற்ற, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை நாம் கருவிக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

அன்று திரையில் 19.57 கிலோமீட்டர் என்று வந்தது. ரூட் வரைபடத்தை வைத்து அந்த இடத்தை அடைந்து, ஈர மண்ணில் குழி தோண்டினோம். பொழுது சாயும்வரை தோண்டியும் கேபிள் முழுசாகத்தான் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கருவியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எண் 1.500 என்று இருந்தது. அந்த இழைக்கு வேண்டியது 1.468. வேறு ஏதோ சோதனைக்காக முன்பு மாற்றியதை நான் சரிபார்க்காமல் விட்டிருக்கிறேன். போக வர 196 மைக்ரோ விநாடி என்ற நேரம் சரி. வேகம்தான் தப்பு. திருத்திப் போட்டதும் தூரம் 20 கிலோமீட்டர் என்று வந்தது, 430 மீட்டர் வித்தியாசம். மறுநாள் காலை அங்கே போனோம். சாய்ந்துகிடந்த புளியமரத்தின் வேரில் கேபிள் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் என்பது யாரோ ஏட்டில் எழுதிவைத்த எண் இல்லை என்று அன்று என் உடம்புக்கே தெரிந்தது. அந்த வேகத்தில் இரண்டு சதவீதம் தப்பினால் ஒருநாள் உழைப்பு மண்ணுக்குள் போகும்.

இனி கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கண்ணாடிக்குள் ஏன் மெதுவாகிறது? இணையத்தில் இரண்டு பதில்கள் உலவுகின்றன, இரண்டும் தவறு. ஒன்று, ஒளித்துகள் (ஃபோட்டான், அதாவது ஒளி ஆற்றலின் மிகச் சின்னப் பொட்டலம்) அணுக்கள்மேல் முட்டி மோதி வளைந்து வளைந்து போவதால் நேரமாகிறது என்பது. அப்படி மோதினால் ஒளி நாலாபக்கமும் சிதறிவிடும். கண்ணாடி பால் மாதிரி வெளுத்துத் தெரியும், அதன் வழியே எதிர்வீட்டைப் பார்க்க முடியாது. இரண்டு, ஒவ்வொரு அணுவும் ஒளியை விழுங்கி, கொஞ்சம் வைத்திருந்து, பிறகு துப்புகிறது என்பது. இது ஆசிரியர்கள் வாயிலேயே அடிக்கடி வரும். ஆனால் அணு ஒளியை விழுங்க வேண்டுமானால் நிறம் அந்த அணுவுக்குப் பொருந்த வேண்டும். கண்ணாடியோ எல்லா நிறத்தையும் விடுகிறது. விழுங்கிய அணு திரும்பத் துப்பும்போது எந்தத் திசையிலும் துப்பலாம். கண்ணாடியிலோ ஒளி நேர்கோட்டில் போகிறது. உண்மையில் நடப்பது வேறு.

கண்ணாடியின் ஒவ்வொரு அணுவிலும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளியின் மின்புலம் மேலும் கீழுமாக ஆடும்போது அவையும் அந்தத் தாளத்துக்கு லேசாக ஆடும். ஆடுகிற எலக்ட்ரான் சும்மா இருக்காது, அதே தாளத்தில் தானும் ஒரு சின்ன அலையை எழுப்பும். எலக்ட்ரான்களின் ஒரு மெல்லிய வரிசையை எடுத்துக்கொண்டால், அவை எல்லாம் சேர்ந்து முன்பக்கம் எழுப்பும் அலை, வந்த ஒளியைவிடக் கால் சுற்று பிந்தியிருக்கும். வந்த அலையும் பிந்திய சின்ன அலையும் கூடும்போது, அந்தக் கூட்டு அலையின் முகடு ஒரு மயிரிழை பின்தள்ளி நிற்கும். அடுத்த வரிசையில் இன்னொரு மயிரிழை. கோடிக்கணக்கான வரிசைகளைத் தாண்டி வரும்போது அந்த மயிரிழைகள் எல்லாம் சேர்ந்து, வேகம் குறைந்ததாக நமக்குத் தெரிகிறது.

மார்கழி விடியலில் தெருவில் வரும் பஜனை கோஷ்டியை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒருவர் பாடுகிறார், பின்னால் வருகிறவர்கள் துளி பிந்தி வாங்கிப் பாடுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக் கேட்பது ஒரே பாட்டு. ஆனால் அதன் அடி விழும் இடம் முன்பாட்டுக்காரரின் அடியைவிடச் சற்றே பிந்தியிருக்கும். யாரும் நிதானமாகப் பாடவில்லை, எல்லோருக்கும் ஒரே காலப்பிரமாணம். ஒளியிலும் இதே கதைதான்: தாளம், அதாவது அதிர்வெண், கண்ணாடிக்குள் மாறுவதே இல்லை. முகடுகள் மட்டும் நெருங்கி வருகின்றன. வெற்றிடத்தில் 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, 1.5 எண் உள்ள கண்ணாடியில் 400 நானோமீட்டராக நெருங்கும். 400 என்பது வெளியே ஊதா ஆயிற்றே, கண்ணாடிக்குள் நிறம் மாறிவிடுமா என்று மகள் கேட்பாள். மாறாது. நிறத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண், அது மாறவில்லை. இந்த உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம். கோஷ்டி ஒரு வரிசை, கண்ணாடி கோடி வரிசை.

இப்போது "யார் திருப்பிக் கொடுக்கிறார்கள்" என்பதற்கு விடை கையில் இருக்கிறது. வந்த அலையும் சரி, எலக்ட்ரான்கள் எழுப்பிய அலைகளும் சரி, ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள்ளும் வெற்றிட வேகத்திலேயே போகின்றன. மெதுவாகப் போவது அவற்றின் கூட்டு வடிவம் மட்டும். கண்ணாடியின் மறுபக்கத்துக்கு அப்பால் எலக்ட்ரான் வரிசைகள் இல்லை. புதிதாகப் பின்தள்ள ஆள் இல்லை. அதனால் முகடுகள் மறுபடி பழைய வேகத்தில் போகின்றன. இழந்த ஒன்றை யாரும் திருப்பித் தரவில்லை, ஏனென்றால் எதுவும் இழக்கப்படவில்லை. கோலிக்குண்டின் வேகம் அதன் ஆற்றலோடு கட்டுண்டது. ஒளித்துகளின் ஆற்றலோ அதிர்வெண்ணோடு கட்டுண்டது. அதிர்வெண் மாறாததால் ஆற்றல் கணக்கும் மாறவில்லை. ஏற்கெனவே ஏற்பட்ட தாமதம் மட்டும் தாமதமாகவே நிற்கும். அதை ஒளி ஓடிப் பிடிப்பதில்லை.

ஆற்றல் குறையவே குறையாதா என்றால், வேறு வழியில் குறையும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராக நுழையும்போது சுமார் 4 சதவீதம் திரும்பிப் பிரதிபலிக்கும், வெளியேறும் பரப்பில் இன்னொரு 4 சதவீதம். இதனால் குறைவது பிரகாசம், வேகம் இல்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியில் செய்த சோதனைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி, குழாய்க்குள்ளும் எண்ணெய் நிரப்பி மெதுவாக இறக்குங்கள். எண்ணெய்க்குள் இருக்கும் பகுதி ஏறக்குறைய மறைந்துபோகும். கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் இரண்டுமே 1.47-ஐ ஒட்டியிருப்பதால், எல்லையில் வேகம் மாறுவதில்லை, வளைவதும் பிரதிபலிப்பதும் இல்லை, கண்ணுக்கு விளிம்பு தெரிவதில்லை. அதே எண்ணெயில் சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டை இறக்கினால் விளிம்பு தெரியும், அதன் எண் 1.52. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் உங்கள் மகளுக்கு நான் எழுதியதில் பாதி தேவைப்படாது.

எலக்ட்ரான்களை ஊஞ்சலாக நினைத்தால் இன்னொன்றும் விளங்கும். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. கண்ணாடியின் எலக்ட்ரான்களுக்குச் சொந்தத் தாளம் புறஊதாப் பக்கம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதைவிட மெதுவான தாளத்தில் ஆட்டுவதால் அவை ஆடுகின்றன, ஆனால் விழுங்குவதில்லை. அதனால்தான் கண்ணாடி தெளிவாக இருக்கிறது. நீல ஒளி அந்தச் சொந்தத் தாளத்துக்குச் சிவப்பைவிடப் பக்கத்தில் இருப்பதால் எலக்ட்ரான்களை அதிகமாக ஆட்டுகிறது, அதிகமாகப் பின்தள்ளப்படுகிறது. முப்பட்டகத்தில் வானவில் பிரிவது இதனால்தான். வெற்றிடத்தில் எல்லா நிறமும் ஒரே வேகம்.

நிறத்துக்கு நிறம் வேகம் வேறுபடுவதால் ஒளித்துடிப்பின் வேகமும் முகட்டின் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. துடிப்பு என்பது பல அதிர்வெண்களின் கலவை. நான் கருவியில் தட்டிய 1.468 துடிப்பின் வேகத்துக்கான எண். அதே இழையில் முகட்டின் வேகத்துக்கான எண் ஏறக்குறைய 1.45. செய்தியைக் கொண்டுபோவது துடிப்பு என்பதால் எங்கள் வேலைக்கு முதல் எண்தான் பயன்படும். சில இடங்களில், உதாரணமாகக் கண்ணாடிக்குள் எக்ஸ் கதிருக்கு, முகட்டின் வேகம் வெற்றிட வேகத்தையே மிஞ்சும். ஆனால் அந்த முகட்டின் மேல் ஏற்றி ஒரு செய்தியையும் அனுப்ப முடியாது. திடீரென்று போட்ட ஒளியின் முதல் முனை எந்தப் பொருளிலும் சரியாக வெற்றிட வேகத்தில் போக வேண்டும் என்று 1914-இல் சோமர்ஃபெல்டும் பிரில்லுவானும் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதல் முனை வரும்போது எலக்ட்ரான்கள் இன்னும் ஆடத் தொடங்கியிருக்காது என்று யோசித்தால் இது இயல்பாகவே விளங்கும்.

எது உறுதி, எது இன்னும் பேசப்படுகிறது என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். வெற்றிட வேகம், ஒளிவிலகல் எண்கள், எலக்ட்ரான்களின் அலைகள் கூடித் தாமதம் உண்டாவது, அதிர்வெண் மாறாமல் இருப்பது, இவை அனைத்தும் அளந்தும் கணக்கிட்டும் உறுதியானவை. ஒளித்துகளை ஒன்றொன்றாகக் கண்ணாடி வழியே அனுப்பியும் 1992-இல் அளந்துவிட்டார்கள். தனித்துகளும் துடிப்பின் வேகத்திலேயே போகிறது. ஆனால் கண்ணாடிக்குள் போகும் அந்த ஒற்றைத் துகள் எந்தக் கணத்தில் எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் நடுவில் இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு இயற்பியலில் இடமில்லை. உள்ளே போவது ஒளியும் எலக்ட்ரான்களின் ஆட்டமும் சேர்ந்த ஒரு கலவை. அதை இது ஒளி, இது கண்ணாடி என்று துண்டுபோட முடியாது. பொருளுக்குள் ஒளியின் உந்தம், அதாவது எதிலாவது பட்டால் அதைத் தள்ளும் அளவு, கூடுகிறதா குறைகிறதா என்பது இன்னொரு வழக்கு. 1908-இல் மின்கோவ்ஸ்கி கூடுகிறது என்றார், 1909-இல் ஆபிரகாம் குறைகிறது என்றார். நூறு வருஷம் ஓடியது. இரண்டும் இருவேறு வகை உந்தங்கள், இரண்டுமே சரி என்ற சமாதானத்தைப் பலர் ஏற்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது, ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. நான் கொடுத்த பஜனை, ஊஞ்சல் உவமைகள் எல்லாம் அலைக் கணக்கை எளிமையாக்கிக் காட்டுபவை, ஒற்றைத் துகளைப் பற்றிப் பேச அவை போதாது.

மெதுவாக்குவதற்கு எல்லை உண்டா என்றும் ஒருவேளை கேட்பாள். 1999-இல் அமெரிக்காவில் லீன் ஹாவ் குழுவினர் மிகக் குளிர்ந்த சோடியம் வாயுவில் ஒளித்துடிப்பை விநாடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர் டவுன் பஸ் நல்ல சாலையில் அந்த வேகத்தைத் தொட்டுவிடும். அங்கேயும் நிறத்துக்கு நிறம் தாமதம் படுவேகமாக மாறும்படி அணுக்களைத் தயார்செய்ததுதான் காரணம்.

கடைசியாக அந்தக் கலங்கரை விளக்கம். வெற்றிடத்தில் ஒளியைப் பின்தள்ளவோ விழுங்கவோ யாரும் இல்லாததால் அது நிற்காது, களைக்காது. தூரம் போகப் போகப் பரந்து விரிவதால் மங்கும். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருப்பதால் பல கோடி ஒளியாண்டுகள் பயணம் செய்த ஒளியின் அலைநீளமும் நீளும். சில நூறு ஒளியாண்டுகளுக்குள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடற்கரைச் சாலையின் பழைய விளக்கம் 1836-இல் எரியத் தொடங்கியது, 1979-இல் புதிய விளக்கம் வந்தபிறகு ஓய்ந்தது. அதன் கற்றை கடல்மட்டத்தை ஒட்டி நேராகப் போகும், பூமியோ வளைந்து கீழே விலகும். வழியில் உப்புக்காற்றும் ஈரமும் பெரும்பங்கைச் சிதறடித்துவிடும். தப்பிய கொஞ்சம் ஒளி வளிமண்டலத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும். முதல் இரவில் அப்படிக் கிளம்பியது வங்கக் கடலுக்கு மேலே கிழக்கு நோக்கிப் போனது, குறுக்கே எதுவும் வராதிருந்தால் இப்போது 180 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கும், அதே வேகத்தில்.